ஆசாரிய ஜகதீச சந்திர போஸ்

முன்னுரை

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் நின்று மேற்றிசையை நோக்குவார்க்குச் சமவெளிக்கு அப்பால் கோடைமலைத் தொடர் நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும். அம்மலையினின்று இருவகைச் செய்திகள் மக்களுக்குக் கிடைக்கின்றன. ஒன்று, கோடைக்கானல் பண்பலை வானொலி நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பரப்பும் பாட்டும் பேச்சும். மற்றொன்று, 1899ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் கதிரவன் ஒளியைப் பகுத்தறிந்து உலகிற்கு வழங்கும் செய்தி. எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909ஆம் ஆண்டில் சூரியப் புள்ளிகளினின்று வாயு புறம்நோக்கிப் பாய்தலை அங்கிருந்தே கண்டறிந்தார். முன்னையது காதிற்கு விருந்து. பின்னையது கண்ணிற்கு விருந்து. ஆயினும் இரண்டனையும் நம்மிடம் கொணர்வன ஓரினத்து அலைகளே. அவ்வலைகளை மின்காந்த அலைகள் என்பர்.

அவற்றின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர் வரிசையில் நம் நாட்டவர் ஒருவர் வைத்து எண்ணப்படுகின்றார். அவரே ஜகதீச சந்திர போஸ் ஆவார். அவர் அறிவால் உயர்ந்தது பெரிதா, மானத்தாலும் ஈகையாலும் உயர்ந்தது பெரிதா என்று கேட்பின் விடை கூறுதல் எளிதன்று. ஆதலின் அவருடைய வாழ்க்கையையும், அவர் ஆய்ந்த அலைகளின் வரலாற்றையும் ஒருங்கே கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இந்நாளில் வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அரசாங்கத்தில் துணை நீதிபதியாய் இருந்தவர். அக்காலத்தில் உயர்பதவியில் இருந்தோர் தம் மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகன் முதற்கண் தாய்மொழியைக் கற்றல் வேண்டும், தன் நாட்டு மக்களை அறிதல் வேண்டும் என்று துணிந்து, அவரை வங்கமொழிப் பள்ளியிற் சேர்த்தார்.

அப்பள்ளியில் ஜகதீசரின் ஒரு பக்கத்தில் அவர் தந்தையாரின் பணியாளராகிய முகம்மதியர் ஒருவரின் மகனும், மறுபக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றைப்பற்றி அச்சிறுவர் கூறிய கதைகளே தம் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை விதைத்தன என்று அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டு வந்த சிறுவர் மூவருக்கும் அவர் அன்னையார் வேற்றுமையின்றி உணவளிப்பார். வகுப்பு வேற்றுமை என ஒன்று உண்டு என்பதனையே தாம் இளமையில் அறிந்திலர் என்பதும் அவர் கூற்று.

கல்வி

பின்னர் ஜகதீசர் கல்கத்தாவிற்குச் சென்று ஹேர் பள்ளியிலும், தூய சவேரியார் பள்ளியிலும், அதனைச் சார்ந்த கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர் பெல்ஜிய நாட்டினராகிய லஃபோன் என்னும் இயேசு சபைக் குரு. வெறும் ஏட்டைப் படித்துக் காட்டுதலோடு அமையாது, கருவிகளைக் கொண்டு ஒவ்வோர் உண்மையையும் மாணாக்கர் கண்ணெதிரே செய்துகாட்டுதல் அவர் வழக்கம். மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் கண்டபொழுது அவருக்கு உறுதுணையாய் நின்றவரும் இக்குருவே. நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் உலகம் வியக்கும் தம் ஒளிச்சிதறல் ஆய்வை நிகழ்த்தியதும் அக்கழகத்திலேதான். ஓர் ஆசிரியர் இட்ட விதை எத்துணைத் தலைமுறைக்குப் பயன்தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1880ஆம் ஆண்டில் ஜகதீசர் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். முன்னரே பற்றியிருந்த காய்ச்சல், பிணங்களை அறுத்து ஆராயும் கூடத்து நாற்றத்தால் மிகுந்தது. ஆதலின் மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிறிஸ்து கல்லூரியிற் சேர்ந்து இயற்கை நூல்களைப் பயின்றார். அங்கு இரேலி பிரபு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் பட்டம் பெற்று அவர் தாய்நாடு திரும்பினார்.

மானங்காத்த மூன்றாண்டு

அன்று வைசிராயாய் இருந்த ரிப்பன் பிரபு இவர்பால் நன்மதிப்புக் கொண்டு கல்வித் துறையாருக்குப் பரிந்துரைத்தார். இந்தியர் ஒருவர் விஞ்ஞானம் கற்பிக்க வல்லரோ என்று ஐயுற்ற அதிகாரிகள் சிலர், 1885ஆம் ஆண்டில் அவரைக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிகப் பேராசிரியராய் மட்டுமே அமர்த்தினர். ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உரியது என்பது அந்நாளைய விதி. தற்காலிகப் பதவி என்னும் காரணத்தால் அதிலும் பாதியே ஜகதீசருக்குக் கிடைப்பதாயிற்று.

அவர் வாதாடினாரல்லர், வேலையைத் துறந்தாரும் அல்லர். பாடத்தை ஒருநாளும் தவறாது நடத்தினார். ஊதியத்தை மட்டும் கையால் தொட மறுத்தார். ஒரு திங்கள் அன்று, இரு திங்கள் அன்று; மூன்றாண்டுகள் அவ்வாறே கழிந்தன. அக்காலத்தில் அவர் குடும்பம் செல்வச் செழிப்பில் இருந்ததோ எனின், அதுவும் இல்லை. நாட்டு மக்களுக்குத் தொழில் வாய்க்கவேண்டும் என்று தந்தையார் தொடங்கிய முயற்சிகள் நொடித்துப்போகப் பெருங்கடன் குடும்பத்தைச் சூழ்ந்திருந்தது. 1887ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட அபலா அம்மையாரும் அவ்வறுமையை மனமுவந்து பகிர்ந்துகொண்டார். இவ்வம்மையார் நம் தமிழகத்தோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அந்நாளிற் பெண்களைச் சேர்க்க மறுத்தமையால் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாது போயிற்று. பிற்காலத்தில் வங்கநாட்டுப் பெண்கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

மூன்றாண்டு சென்றபின் அதிகாரிகள் மனம் மாறினர். ஜகதீசரின் பதவி நிலைப்படுத்தப்பட்டது. முழு ஊதியமும் தொடக்க நாள் முதலாகக் கணக்கிட்டு ஒருங்கே வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையார் பட்ட கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. கடமையிற் குறைவின்றி நின்றமையாலேயே அவர் மறுப்புக்கு வலிமை உண்டாயிற்று என்பதனை நாம் மறத்தலாகாது.

அலைகளின் வரலாறு

இனி, அவர் ஆய்ந்த பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். குளத்திற் கல்லெறிந்தால் நீர் மேலும் கீழும் அசைய, அவ்வசைவு வட்டம் வட்டமாய்க் கரைநோக்கிச் செல்லும். ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்ததன் முகட்டிற்கும் இடையே உள்ள தொலைவை அலைநீளம் என்றும், ஒரு நொடியில் நிகழும் அசைவுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் என்றும் கூறுவர். இரண்டனையும் பெருக்கக் கிடைப்பது அலையின் வேகம்.

இலண்டனில் நூற்கட்டுக் கடையில் வேலை பழகிய கருமான் மகன் மைக்கேல் ஃபாரடே, காந்தப்புலம் மாறுமிடத்து மின்சாரம் பிறத்தலை 1831ஆம் ஆண்டிற் கண்டார். அவர் கணிதம் கற்றவர் அல்லர். அவர் கண்டவற்றைக் கணிதத்தில் அமைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். காந்தம் மாறினால் மின்புலம் பிறப்பதுபோல, மின்புலம் மாறினாலும் காந்தப்புலம் பிறக்கும் என்று அவர் கருதினார். அங்ஙனமாயின் ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்க, மற்றொன்று மீண்டும் முன்னையதைப் பிறப்பிக்க, அவ்விணை ஓரிடத்தில் நில்லாது வெளியிற் பரந்து செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லும் வேகத்தைக் கணக்கிட்டபொழுது, அஃது ஒளியின் வேகத்தோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆகவே ஒளியும் மின்காந்த அலையே என்று 1865ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுரையில் அவர் முடிவு கூறினார். அவ்வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர். கோடைமலையினின்று புறப்படும் வானொலி அலை திண்டுக்கல்லை எய்துதற்கு ஒரு நொடியில் 5,000இல் ஒரு பங்குதானும் வேண்டுவதில்லை.

நீரலைக்கு நீர் வேண்டும். ஒலியலைக்குக் காற்று வேண்டும். இவ்வலைக்கும் ஈத்தர் என்னும் நுண்பொருள் வேண்டும் என்றே அக்காலத்தார் எண்ணினர். அத்தகைய பொருள் தேவையில்லை என்பது 20ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று.

மாக்ஸ்வெல் தம் கூற்று மெய்ப்படுவதைக் காணாமலே 1879ஆம் ஆண்டில் 48ஆம் வயதில் மறைந்தார். ஜெர்மானியராகிய ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் 1886 முதல் 1888 வரை நிகழ்த்திய ஆய்வுகளில், மின்பொறியால் அலைகளை எழுப்பி, அவை தொலைவில் வைத்த கம்பி வளையத்தின் இடைவெளியிற் சிறுபொறி தோற்றுவித்தலைக் கண்டு காட்டினார். அவ்வலைகள் ஒளியைப்போலவே எதிரொளித்தலும் விலகலும் உடையன என்றும் நிறுவினார். அவரும் 1894ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், 36ஆம் வயதில் இறந்துபட்டார். வேற்றுநாட்டில் ஒருவர் கையினின்று நழுவிய விளக்கை வங்கநாட்டில் மற்றொருவர் அவ்வாண்டிலேயே ஏந்தினார்.

24 சதுர அடி அறை

ஹெர்ட்ஸின் ஆய்வைப்பற்றி ஆலிவர் லாட்ஜ் என்னும் அறிஞர் எழுதியதை ஜகதீசர் படித்தார். 1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தமக்கு 36 வயது நிறைவுற்றபொழுது, இனித் தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்கே உரியது என்று உறுதிபூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என ஒன்று இல்லை. குளியலறையை அடுத்திருந்த 24 சதுர அடிச் சிற்றறையே அவருக்குக் கிடைத்தது. கருவிகளையும் தகரத் தொழிலாளி ஒருவரின் துணைகொண்டு தம் செலவிலேயே ஆக்கிக்கொண்டார்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் பல மீட்டர் நீளமுடையன; மிகக் குறுகியனவும் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் இருந்தன. அவற்றை விலகச் செய்தற்கு ஒன்றரை மீட்டர் உயரமும் 500 கிலோகிராமிற்கு மேற்பட்ட எடையும் உடைய கீல் பட்டகம் ஒன்றை அவர் வார்க்க வேண்டியதாயிற்று. அலை குறுகினால் கருவியும் குறுகும் என்பதனை ஜகதீசர் நுனித்துணர்ந்தார். அவர் எழுப்பிய அலைகளின் நீளம் 5 மில்லிமீட்டர் அளவிற்குச் சுருங்கியது. கோடைக்கானல் நிலையத்து அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஜகதீசரின் அலை நொடிக்கு ஏறக்குறைய 6,000 கோடி முறை அதிர்வது. அதனால் அவர் கருவிகள் யாவும் ஒரு மேசைமேல் அடங்கின.

அக்கருவிகளின் எளிமை வியக்கத்தக்கது. அலைகளை வாங்குதற்குப் புனல்போன்ற உலோகக் கொம்பும், அவற்றைச் செலுத்துதற்குக் குழாயும், ஒருமுகப்படுத்துதற்குக் கந்தகத்தால் ஆன வில்லையும் அமைத்தார். புகைவண்டிக் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றன் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அப்புத்தகம் அலையின் ஒரு திசை அசைவைத் தடுத்து, அதற்குக் குறுக்கான அசைவை மட்டும் செல்லவிட்டது. சணலை முறுக்கி வைத்து அதன் ஊடே அலையைச் செலுத்தியபொழுது, சர்க்கரைக் கரைசல் ஒளியின் அசைவுத் தளத்தைச் சுழற்றுதல்போல அம்முறுக்கும் அலையின் தளத்தைச் சுழற்றிற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும், புலனாகாத மின்னலையும் ஓரினம் என்பதனைச் சணலும் புத்தகமும் கொண்டு நாட்டியவர் அவர்.

1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் அலைகளைச் சுவர் ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் முதல் ஆய்வுரை வங்காள ஆசியக் கழகத்திற்கும், அக்டோபரில் அடுத்த ஆய்வுரை இரேலி பிரபுவின் வாயிலாக இலண்டன் இராயல் கழகத்திற்கும் சென்றன. 1896ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் நல்கிற்று. 1897ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், ஃபாரடே பணியாற்றிய இராயல் நிலையத்திலேயே ஜகதீசர் தம் கருவிகளோடு சொற்பொழிவாற்றினார்.

பொருளும் புகழும்

கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் ஜகதீசரே என்றும், அப்புகழை மார்க்கோனி கவர்ந்துகொண்டார் என்றும் நம்மவருட் சிலர் கூறுவர். நாட்டுப்பற்றால் எழும் இக்கூற்றை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். ஜகதீசரின் நோக்கம் அலைகளின் இயல்பை அறிதல். மார்க்கோனியின் நோக்கம் செய்தியைத் தொலைவிற்குச் செலுத்துதல். மார்க்கோனி 1901ஆம் ஆண்டில் அட்லாண்டிக் மாகடலைக் கடக்கச் செய்தவை நெடிய அலைகள். மில்லிமீட்டர் அலைகள் அத்துணைத் தொலைவு செல்லமாட்டா. லாட்ஜ், ருஷியநாட்டுப் போப்போவ் முதலியோரும் அத்துறையில் உழைத்தனர். ஆயினும், தட்டி எழுப்பாமலே தன்னியல்பிற்கு மீளும் அலையுணர் கருவிகளைப்பற்றி ஜகதீசர் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இரும்பும் பாதரசமும் கொண்ட அமைப்பும் இருந்தது என்பதும், மார்க்கோனி 1901இல் கையாண்ட பாதரசக் கருவி அதனை ஒத்தது என்பதும் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டிய உண்மைகள். உரியதை உரியவர்க்கு அளித்தலே அறிவுடைமை. மிகைப்படக் கூறுதல் ஜகதீசருக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அவருடைய உண்மைப் பெருமை வேறு. 1901ஆம் ஆண்டில் இலண்டனில் தந்தி நிறுவனத்தார் ஒருவர் அவரை நாடிவந்து, கருவிக்குக் காப்புரிமை பெற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று வற்புறுத்தினார். ஜகதீசர் இசையவில்லை. அறிவால் விளைந்ததை விலைகூறும் ஆசையில் ஒருமுறை சிக்கினால் மீட்சியில்லை என்னும் கருத்தினை அவர் தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்கு எழுதினார். நண்பர்கள் விடாது வேண்டியமையால், கலீனா என்னும் ஈயக் கந்தகப் படிகத்தால் ஆன உணர்கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904ஆம் ஆண்டில் காப்புரிமையும் கிடைத்தது. அதனைக் கொண்டும் அவர் பொருளீட்ட முற்படவில்லை. குறைகடத்தியால் ஆன கருவிக்குக் கிடைத்த முதற் காப்புரிமைகளுள் அஃது ஒன்றென்பர். இற்றைநாட் கணினியும் கைப்பேசியும் குறைகடத்திகளாலேயே இயங்குவன என்பதை எண்ணினால், அவர் எதனை வேண்டா என்று விட்டார் என்பது விளங்கும்.

அவர் செய்தது சரியோ என்று வினவுவோரும் உளர். அப்பொருளைப் பெற்றிருந்தால் இன்னும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் கண்டிருக்கலாமே என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், கற்றதைப் பூட்டிவைத்துத் திறவுகோலை விற்பதோ, வாயிலைத் திறந்துவைப்பதோ என்னும் கேள்வி ஒவ்வொரு கல்விமான் எதிரிலும் என்றேனும் ஒருநாள் வந்து நிற்கும். ஊதியம் குறைந்தபொழுது தம் உரிமைக்காகப் பொருளை மறுத்தவர், பொருள் பெருகும்பொழுது பிறர் உரிமைக்காக அதனை மறுத்தார். இரண்டும் ஒரே உள்ளத்தின் செயல்களே.

செடிகளின் உலகம்

பின்னர் ஜகதீசரின் நாட்டம் உயிருள்ளன, உயிரில்லன ஆகியவற்றின் உணர்ச்சிபற்றிய ஆய்விற் சென்றது. தொட்டாற்சுருங்கியையும், தொழுகண்ணி என நம்மவர் வழங்கும் செடியையும் கொண்டு தாவரங்களில் மின்துடிப்பு நிகழ்தலை அளந்தார். செடியின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியையும் அமைத்தார். மேனாட்டு உடலியல் அறிஞர் பலர் அவர் முடிவுகளை எதிர்த்தனர். அவற்றுட் சில இன்றும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. தாவரங்களில் மின்னறிகுறிகள் பரவுகின்றன என்பதோ உண்மையென நிலைபெற்றது.

1915ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியினின்று ஓய்வுபெற்றார். 1917ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்று, அவ்வாண்டு தம் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். 24 சதுர அடி அறையில் தாம் பட்ட இடர் பின்வருவோர்க்கு நேராதிருக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். 1920ஆம் ஆண்டில் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இத்துணைப் பணிகளுக்கிடையே தாய்மொழியையும் அவர் மறந்திலர். வங்கமொழியில் விஞ்ஞானக் கட்டுரைகளும் கதையும் எழுதி, 1921ஆம் ஆண்டில் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

முடிவுரை

அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின், 2012ஆம் ஆண்டில் உலக மின்னியல் மின்னணுவியல் பொறியாளர் கழகம், அவருடைய 1894 முதல் 1896 வரையிலான ஆய்வுகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகளே இந்நாளில் வானநூலாரின் தொலைநோக்கிகளிலும் புதிய செய்தித் தொடர்புக் கருவிகளிலும் பயன்படுகின்றன.

மாணவ நண்பர்களே! ஜகதீசர் தாய்மொழிப் பள்ளியில் மீனவச் சிறுவனோடு அமர்ந்து கற்றவர்; குறைந்த ஊதியத்தை மறுத்தும் கடமையை மறவாதவர்; தகரத்தையும் சணலையும் கொண்டே இயற்கையின் மறைபொருளைத் திறந்தவர்; திறந்ததை விற்காது வழங்கியவர். நம்மிடம் கருவி இல்லை, வசதி இல்லை, நம் மொழியில் விஞ்ஞானம் சொல்லச் சொல்லில்லை என்று குறைகூறும் நாவிற்கு அவர் வாழ்க்கை தக்க மறுமொழி. பௌதிகம் கற்போர் தமிழில் எழுதத் துணிக. தமிழ் கற்போர் பௌதிகத்தை அறிய முற்படுக. அங்ஙனம் செய்யின், கோடைமலையினின்று சமவெளிக்கு இறங்கிவரும் அவ்வலைகளைப்போல அறிவும் எவ்வீட்டு வாயிலிலும் தடையின்றிப் புகும்.